எச்சரிக்கை தெரு வரை வர வேண்டும்

தாமிரபரணிக் கரைக்காரர்கள் வெள்ளத்தை மேற்கே பார்த்துக் கணிப்பவர்கள். பொதிகைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால், ஊருக்குள் வெயில் அடித்தாலும் ஆற்றில் துவைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவார்கள். தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்துக்குத் திரும்புகிறதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா, படித்துறையில் எத்தனையாவது படி மறைந்திருக்கிறது என்பவைதான் தலைமுறை தலைமுறையாக இங்கே வெள்ள அறிவிப்பு. காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் மட்டத்தைத் தேடும் பழக்கம் நெல்லைக்காரர்களுக்கு உண்டு. அதற்கு அடுத்தபடியாக நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை ஆகிய மலையூர்களின் மழையளவைப் பார்ப்பார்கள். அந்த நான்கு பெயர்களுக்கு நேரே இருக்கும் எண் பெரிதாக இருந்தால், அன்று ஆற்றங்கரைத் தெருக்களில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இந்த அறிவைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இது போதாமல் போனது. அது ஏன் என்று இன்னும் நாம் உட்கார்ந்து பேசவில்லை.

அன்று குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்டிருந்த மேலடுக்குச் சுழற்சி, மலையை மட்டும் நனைத்துவிட்டுப் போகவில்லை. 18-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் மாஞ்சோலையில் 55 செ.மீ. மழை. அதை விட அதிகமாகச் சமவெளியில் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., வானம் பார்த்த பூமியான மூலைக்கரைப்பட்டியில் 62 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., கடற்கரை ஊரான காயல்பட்டினத்தில் 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே 66 செ.மீ. அளவுதான். சில ஊர்களில் ஓராண்டு மழையை விஞ்சிய மழை ஒரே பகலிலும் இரவிலும் இறங்கியது. மலையிலிருந்து வரும் தண்ணீருக்காக மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலேயே வானம் உடைந்தது. கடனா நதியும் பச்சையாறும் சிற்றாறும் பெயர் தெரியாத ஓடைகளும் அணைகளுக்குக் கீழே ஆற்றில் வந்து சேர்ந்தன. குளங்கள் வரிசையாக உடைந்தன. ஏரல் மூழ்கியது. கொக்கிரகுளத்தில் இருக்கும் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் போகும் வழியில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். இரு மாவட்டங்களிலும் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த இரவில் ஆற்றங்கரைத் தெருக்களில் பலரும் சொன்னது ஒன்றுதான்: ‘92-லயே இங்க வரலியே, இப்ப எங்க வந்துரப் போவுது!’ 1992 நவம்பர் வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கின் அளவுகோல். அன்று தண்ணீர் எந்த வீட்டுத் திண்ணை வரை ஏறியது, எந்தக் கோயில் வாசலில் நின்றது என்பதை ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் விரலை நீட்டிக் காட்டுவார்கள். வீடு கட்டும்போது கடைக்கால் உயரத்தை அந்தக் கணக்கில்தான் முடிவு செய்தார்கள். அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறோம் என்ற நிம்மதியில் 31 ஆண்டுகள் தூங்கினார்கள். அனுபவம் ஒரு மனிதனைக் காப்பாற்றும். அதே அனுபவம் ‘இதற்கு மேல் வராது’ என்று ஒரு எல்லைக்கோட்டையும் மனத்தில் போட்டுவிடும். கரையோர மக்களுக்கு அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது உண்மையில்லை. தங்களிடம் இருந்த ஒரே அளவுகோலை அவர்கள் சரியாகத்தான் பயன்படுத்தினார்கள். அதைவிட நீளமான அளவுகோலை யாரும் அவர்கள் கையில் கொடுத்திருக்கவில்லை.

அரசு கொடுத்தது வேறொரு மொழியிலான எச்சரிக்கை. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.-க்கு மேல் பெய்தால் ‘அதி கனமழை’. அதற்கு மேல் சொல் கிடையாது. 21 செ.மீ. பெய்தாலும் 95 செ.மீ. பெய்தாலும் ஒரே சொல், ஒரே சிவப்பு நிறம். வெள்ளம் வடிந்த பிறகு, எவ்வளவு பெய்யும் என்று வானிலை மையம் சரியாகச் சொல்லவில்லை என்றது மாநில அரசு. 12-ஆம் தேதியிலிருந்தே சொல்லப்பட்டது என்றது மத்திய அரசு. நாள் கணக்கில் நீடித்த அந்தச் சண்டையில் ஒரு கேள்வி மட்டும் எழவே இல்லை. எச்சரிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்திருந்தாலும், மீனாட்சிபுரத்திலோ கருப்பந்துறையிலோ ஏரலிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அதிலிருந்து என்ன விளங்கியிருக்கும்?

‘தாமிரபரணியில் வெள்ளப்பெருக்கு ஏற்பட வாய்ப்புள்ளதால் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்த அறிவிப்பு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வரும். பல ஆண்டுகளில் படித்துறை மட்டும் மூழ்கிவிட்டு ஆறு இறங்கிவிடும். பத்துத் தடவை கேட்டு, பத்துத் தடவையும் ஒன்றும் நடக்காதபோது, பதினோராவது தடவை யார் எழுந்து ஓடுவார்கள்? எந்த ஆண்டு படித்துறையோடு நிற்கும், எந்த ஆண்டு தெருவுக்குள் வரும் என்று பிரித்துச் சொல்லாத எச்சரிக்கை, மக்களைக் கேட்காமல் இருக்கப் பழக்கிவிடுகிறது. கன அடிக் கணக்கும் அப்படியே. அணையிலிருந்து 20 ஆயிரம் கன அடி திறப்பு, 40 ஆயிரம் கன அடி திறப்பு என்று தொலைக்காட்சியில் எழுத்து ஓடுகிறது. நாற்பதாயிரம் என்றால் குறுக்குத்துறையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஊர்க்காரனுக்குக் குறுக்குத்துறையை வைத்துச் சொன்னால்தான் விளங்கும்.

குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குத் தயாராவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் இடம் அதுதான். கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. கட்டியவர்களுக்கு அது ஆண்டுதோறும் மூழ்கும் என்று நன்றாகத் தெரியும். அதனால்தான் மேற்கிலிருந்து வரும் வேகத்தைப் பிளந்து இருபுறமும் அனுப்பும்படி, முகப்பைப் படகு முனை வடிவத்தில் கல்லால் எழுப்பினார்கள். மூலவர் பாறையிலேயே வடிக்கப்பட்டவர், அவரை வெள்ளம் அசைக்காது. உற்சவரையும் உண்டியலையும் பூசைச் சாமான்களையும் ஆறு ஏறத் தொடங்கும்போதே கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் சகதியைக் கழுவித் தள்ளிவிட்டு உற்சவரைத் திரும்பக் கொண்டுவருவார்கள். எதை எடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம், எப்போது எடுக்க வேண்டும், எங்கே கொண்டுபோக வேண்டும், யார் தூக்க வேண்டும் என்ற அத்தனைக்கும் முன்கூட்டியே விடை இருக்கிறது. அறிவிப்புக்காக அங்கே யாரும் காத்திருப்பதில்லை, ஆறு எந்த இடத்தைத் தொட்டதோ அதுவே அறிவிப்பு. நகரத்துக்காரர்களும் அதையே வைத்து வெள்ளத்தை மதிப்பிடுகிறார்கள். மண்டபம் முழுகியதா, கோபுரம் தெரிகிறதா என்று கேட்பார்கள். 1843-ல் சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிய பாலத்தில் நின்று தண்ணீர் எந்தக் கண்ணில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

அந்தக் கோயிலுக்கு இருக்கும் ஏற்பாடு, அதைச் சுற்றியிருக்கும் வீடுகளுக்கு இல்லை. அணை கட்டிய பிறகு ஆறு அடங்கிவிட்டது என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். 1940-களில் பாபநாசம் அணை வந்தது, 1958-ல் மணிமுத்தாறு, 1980-களில் சேர்வலாறு. கரையும் அணையும் கட்டக் கட்ட, ஆறு ஒருகாலத்தில் பரந்து ஓடிய இடத்தில் மனிதர்கள் துணிந்து குடியேறுகிறார்கள் என்று அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1940-களிலேயே எழுதினார். வண்ணார்பேட்டையிலும் சந்திப்புப் பகுதியிலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்தது அதுதான். கட்ட அனுமதி கொடுத்தது அரசு, பட்டா கொடுத்தது அரசு, பேருந்து நிலையம் கட்டியதும் அரசு. பிறகு ‘ஆற்றுக்குள் போய் ஏன் வீடு கட்டினாய்’ என்று குடியிருப்பவரைக் கேட்பதில் நியாயமில்லை.

எச்சரிக்கை வந்தும் ஏன் வீட்டைவிட்டுப் போவதில்லை என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஆற்றங்கரைத் தெருவில் ஒரு வீட்டுக்குள் நின்று பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். மழை வலுத்ததும் வீட்டுப் பெண்தான் முதலில் அசைவார். ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு நெகிழிப் பையில் போட்டு முடிந்து பரணில் வைப்பார். அரிசியும் பருப்பும் அதற்குப் பக்கத்தில் போகும். கேஸ் சிலிண்டரைக் கழற்றிக் கட்டிலின் மேல் ஏற்றிவைப்பார்கள். மோட்டார் சைக்கிளை மேட்டுத் தெருவில் உறவுக்காரர் வீட்டில் விட்டுவரப் பையனை அனுப்புவார்கள். இதற்குள் இருட்டிவிடும். மிச்சம் இருப்பது இரண்டு ஆடு, ஒரு பசுமாடு, படுக்கையில் கிடக்கும் ஆச்சி. முகாமில் ஆட்டையும் மாட்டையும் எங்கே கட்டுவது? ஆச்சியை யார் தூக்குவது? அங்கே கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா? வயசுக்கு வந்த பிள்ளையை அந்தக் கூட்டத்துக்குள் எப்படிப் படுக்கவைப்பது? வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பூட்டு அப்படியே இருக்குமா? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் தெரியாதவரை, ஆற்றின் மீதான பயத்தைவிட முகாமின் மீதான தயக்கம்தான் பெரிதாக இருக்கும். ‘கொஞ்சம் பாப்போம்’ என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் ‘கொஞ்ச’ நேரத்தில்தான் 2023-ல் பலர் மாடியில் சிக்கினார்கள்.

கீழே இப்படி என்றால், மேலே கதை வேறு.

பாபநாசத்துக்கு மேலே சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி என்று காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. இஞ்சிக்குழிக்குப் போக வேண்டுமானால் காரையாறு அணையைப் படகில் கடந்து, அதற்கு மேல் காட்டுக்குள் நடக்க வேண்டும். அங்கே அடைமழை என்றால் உலகத்தோடு தொடர்பு அறுந்தது என்று பொருள். வெள்ளம் வீட்டுக்குள் வருமா என்பது அவர்களுடைய முதல் கவலை இல்லை. குடியிருப்பை எந்த மேட்டில் வைத்தால் தண்ணீர் வராது என்று முன்னோர் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். பிரசவ வலி வந்தால் எப்படி இறங்குவது, அரிசி தீர்ந்தால் எப்படி வாங்குவது என்பதுதான் அவர்கள் கவலை. மரச்சீனியும் மிளகும் போட்டுப் பிழைப்பவர்கள், மழைக்காலத்துக்கு முன்பே அரிசி, உப்பு, தீப்பெட்டி வாங்கிச் சேர்த்துவைப்பார்கள். கீழே அபாயம் என்பது சில மணி நேரம் உயர்ந்து நிற்கும் தண்ணீர். மேலே அபாயம் என்பது நாள்கணக்கில் வழியில்லாமல் கிடப்பது. இரண்டுக்கும் ஒரே அறிவிப்பை, ஒரே ஏற்பாட்டை வைத்திருக்கிறது நிர்வாகம்.

மாஞ்சோலைக்குப் போகும் மணிமுத்தாறு மலைச்சாலையும் அப்படித்தான். பெருமழையில் மண் சரியும், மரம் விழும், பேருந்து நின்றுபோகும். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கரில் எழுந்தவை அந்தத் தேயிலைத் தோட்டங்கள். நான்கு தலைமுறையாக லைன் வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர்கள், 2028-ல் குத்தகை முடிவதற்கு முன்பே, 2024-ல் விருப்ப ஓய்வு கொடுத்து இறங்கச் சொல்லப்பட்டார்கள். காட்டைக் காடாக விட வேண்டும் என்ற வாதத்தின் நியாயமும், நூறாண்டு உழைத்தவர்களுக்கு வீடும் நிலமும் வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயமும் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஆனால் இதில் ஒன்று யார் கண்ணிலும் படவில்லை. தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் அவையும் அடங்கும். 2024 டிசம்பரிலும் ஊத்து ஒரே நாளில் 50 செ.மீ.-யைத் தாண்டியது. ஓடையின் இரைச்சல் மாறுவதையும், போன வருஷம் இல்லாத இடத்தில் மண் வெடித்திருப்பதையும், தண்ணீரின் நிறம் திரும்புவதையும் அங்கே வாழ்ந்தவர்கள் கவனித்தார்கள். தானியங்கி மழைமானி மழையின் அளவைச் சொல்லும். மண் நகர்கிறது என்று அது சொல்லாது. மலையில் ஆள் குறையும்போது, கீழே இருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு முதல் தகவல் சொல்லக்கூடிய கண்களும் குறைகின்றன.

மலையில் தகவல் அறுந்தால் என்ன ஆகும் என்பது தென்மாவட்டக்காரர்களுக்குத் தெரியாததில்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லைன் வீடுகளை மூடியது. 70 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். பல நாளாக மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை. இரவில் நடந்தது வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. இலங்கையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29-ஆம் தேதி நடந்த நிலச்சரிவு இன்னும் வேதனையானது. அந்த இடம் சரியக்கூடியது என்று 2005-லும் 2011-லும் அங்குள்ள தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள் எச்சரிக்கையைக் கேட்கவில்லை என்று பலர் சொன்னார்கள். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? போக இடம் காட்டாமல் ‘போ’ என்று சொல்வதை எச்சரிக்கை என்று நான் ஏற்க மாட்டேன்.

நல்ல முன்மாதிரியும் பக்கத்திலேயே இருக்கிறது. வயநாட்டில் கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் மையம், மாவட்டம் முழுக்கச் சுமார் 200 இடங்களில் மழையை அளக்கிறது. அளப்பவர்களில் விவசாயிகளும் தோட்டக்காரர்களும் உண்டு. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு 200-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதற்கு முந்தைய நாளே, மழை வரம்பு மீறிவிட்டது, சரிவு நேரலாம் என்று அந்த மையம் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாகச் செய்திகள் வந்தன. அந்தத் தகவல் எல்லா வீட்டையும் வெளியேற்றும் உத்தரவாக மாறவில்லை என்பது அந்தத் துயரத்தின் இன்னொரு பாதி. ஆனால் மலையில் வாழ்கிற சாதாரண மனிதர்கள் கையில் அளவுச் சாடி இருந்தால், அரசின் சில மழைமானிகள் காட்டாததையும் காண முடியும் என்று அது நிரூபித்தது.

அதே வேலையைக் காணிக் குடியிருப்புகளிலும், மாஞ்சோலையில் இன்னும் இருப்பவர்களைக் கொண்டும், மணிமுத்தாறு, காரையாறு வனக் காவலர்களைக் கொண்டும் ஏன் செய்யக் கூடாது? மாதச் சம்பளம் கொடுங்கள். காணிகளின் ஊர்த்தலைவரான மூட்டுக்காணி கையில் ஒரு வயர்லெஸ் கருவி கொடுங்கள். காட்டுக்குள் செல்போன் எடுக்காது என்பது புதிய செய்தியா? அரசின் ‘டி.என். அலர்ட்’ எச்சரிக்கைச் செயலி நல்ல முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் சிக்னல் இல்லாத ஊரில் செயலி எதற்கு? புரட்டாசி முடிவதற்குள் மூன்று மாத ரேஷன் அரிசியை மேலே கொண்டுபோய் வைப்பதற்குத் தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு வட்டாட்சியரின் கையெழுத்து போதும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலையை அறியாமல் மலைக்கு வருபவர்கள்தான் இப்போது அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை இழுத்துப்போனது. கோடை விடுமுறையில், மே மாதத்தில் வெள்ளம் வரும் என்று குளிக்க வந்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் மேலே மேகத்தைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுவார்கள். வெளியூர்க்காரருக்கு அருவி மட்டும்தான் கண்ணில் படும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் கூடும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆற்றோரம் தங்குகிறார்கள். அவர்களுக்கு நிற்கக் கூடாத இடத்தைக் காட்டவும், தண்ணீர் நிறம் மாறினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவும் காணி இளைஞர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

சமவெளியில் மிக முக்கியமான வேலை குளங்களில் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளையும், அவற்றின் கால்வாய்களில் தொங்கும் நூற்றுக்கணக்கான குளங்களையும் நம்பி வாழ்கிறது. 2023-ல் பல ஊர்களை மூழ்கடித்தது ஆற்றுத் தண்ணீரைவிட உடைந்த குளத்துத் தண்ணீர்தான். தூத்துக்குடி நகரத்துக்குள் புகுந்தது கோரம்பள்ளம் குளத்து வெள்ளம். மேலே உள்ள குளம் உடைந்தால் அடுத்த குளத்துக்கு எவ்வளவு நேரத்தில் தண்ணீர் வரும், எந்த மறுகாலைத் திறந்தால் ஊர் தப்பும், எந்த இடத்தில் கரை மெலிந்திருக்கிறது என்பதெல்லாம் ஒருகாலத்தில் குளத்து மடையைக் காக்கும் மடைக்குடும்பருக்கு மனப்பாடம். நஞ்சை நெல்லில் அவருக்கு ஒரு பங்கு உண்டு, அதனால் இரவிலும் கரையில் நடந்தார். பல ஊர்களில் அந்தப் பங்கு நின்றுபோனது, நடப்பவரும் இல்லை. குடிமராமத்து என்ற பெயரில் மண் அள்ளிய கணக்கு இருக்கிறது. மழை இரவில் கரையைப் பார்க்க ஆள் போட்ட கணக்கு எந்த ஒன்றியத்தில் இருக்கிறது? ஒரு குளத்துக்கு ஒருவர், கார்த்திகையும் மார்கழியும் மட்டும், அடுத்த குளத்துக்காரரின் தொலைபேசி எண்ணோடு. இதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை.

எச்சரிக்கையின் மொழியை மாற்றுவதும் அப்படிச் செலவில்லாத வேலைதான். பாபநாசத்திலிருந்து திறந்த தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் சேரன்மகாதேவிக்கும் சுத்தமல்லிக்கும் கொக்கிரகுளத்துக்கும் வந்து சேரும் என்பதை அணைக்கட்டுகளில் வேலை பார்த்த பணியாளர்கள் அனுபவத்தில் அறிவார்கள். அதைத் தாளில் எழுதி ஒட்ட வேண்டும். ‘இன்று இரவு பத்து மணிக்குள் குறுக்குத்துறை மண்டபம் மூழ்கும், நள்ளிரவுக்குள் மீனாட்சிபுரத்தின் கீழ்த்தெருவுக்கு வரும்’ என்று சொன்னால், ஆச்சியைத் தூக்கப் பையன் மதியமே வந்துவிடுவான். முகாமுக்கான பள்ளியைப் புரட்டாசியிலேயே ஊரைக் கூட்டி முடிவு செய்து, மாடு கட்ட இடத்தையும் பெண்களுக்கான கழிப்பறையையும் காட்டிவிட்டால், ‘கொஞ்சம் பாப்போம்’ என்று உட்காருகிறவர்கள் குறைவார்கள். அணையைத் திறக்கும்போது அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள கன அடி இருக்கட்டும். ஊருக்குச் சொல்லும்போது படிக்கட்டையும் மண்டபத்தையும் தெருப்பெயரையும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த உயரம் எழுத்தில் இருக்க வேண்டும். 2023 வெள்ளம் சுவர்களில் விட்டுச்சென்ற சேற்றுக்கோட்டைப் பெரும்பாலான வீடுகளில் அடுத்த பொங்கலுக்கே வெள்ளையடித்து மறைத்துவிட்டோம். பள்ளிக்கூடச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பேருந்து நிலையத் தூணிலும் அந்த அளவைக் குறித்து வைக்க மாநகராட்சியும் ஊராட்சிகளும் முன்வர வேண்டும். அவர்கள் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். அன்று உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று நினைவிருக்கும் இப்போதே, வாசல் சுவரில் அந்த உயரத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, 2023 டிசம்பர் 18 என்று தேதியையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை வெள்ளையடிக்க வருபவரிடம் அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு அதைக் காட்டி, அதற்கு மேலும் வரலாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.